வேணாம் சொல்லாத சித்திகா

"குடுங்கக்கா, குடுங்க" என்று சொல்லிக்கொண்டே சித்திகா வேனிலிருந்து இறங்கிவிடுகிறார். பின்னால் மாநகரப் பேருந்து ஹாரன் அடிக்கிறது. ராஜகீழ்ப்பாக்கம் சிக்னலுக்குச் சற்று முன்னால், காலை நெரிசலில், பள்ளி வேன் மூச்சு வாங்கக்கூட நிற்க முடியாத இடம் அது. பிள்ளையை ஏற்றிவிட வந்த அம்மா நீட்டிய துணிப்பையை வாங்கி, அங்கேயே பிரித்து, உள்ளிருந்த பிரஷர் குக்கரை வெளியே எடுத்து வெயிலில் திருப்பிப் பார்க்கிறார்.

"அட, அடி நல்லா கனமா கீதே! கேஸ்கட்டு மட்டும் போச்சா? போவட்டும், மாத்திக்கலாம். நாளைக்கே பருப்பு வெச்சுர்றேன்க்கா."

குக்கர் மடியில், வேன் கதவு படார். "போலாம், ரைட்!"

வேனை ஓட்டுபவர் அவருடைய கணவர் அயூப். சேலையூர் கேம்ப் ரோட்டில் தொடங்கி ராஜகீழ்ப்பாக்கம், செம்பாக்கம், மாடம்பாக்கம் என்று சுற்றிப் பிள்ளைகளைப் பொறுக்கிக்கொண்டு போகும் வண்டி. பிள்ளைகளை ஏற்றி, இறக்கி, சண்டை விலக்கி, வாந்தி எடுப்பவனை ஜன்னலோரம் உட்கார வைத்து, தூங்குபவளின் வாட்டர் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு வருபவர் சித்திகா. அவர் கழுத்தில் தொங்கும் விசிலின் பட்டை, ஏதோ ஒரு மென்பொருள் நிறுவனத்தின் பழைய அடையாள அட்டைப் பட்டை. வேலை மாறிய ஓர் அப்பா கொடுத்தது. நிறுவனத்தின் பெயர் இன்னும் அழியவில்லை. "எந்தக் கம்பெனில வேல செய்றீங்க?" என்று யாராவது கிண்டலாகக் கேட்டால், "டிரான்ஸ்போர்ட்டு டிபார்ட்மென்ட்டு" என்பார் முகம் மாறாமல்.

யாராவது ஒரு பொருளைக் கொடுக்க வந்தால், நம்மில் பெரும்பாலோர் முதலில் "ஐயோ, எதுக்கு இதெல்லாம்" என்போம். பிறகு "இல்ல, இல்ல, நீங்களே வெச்சுக்கோங்க" என்போம். அதற்குப் பிறகுதான் கை நீளும். வாங்கியதைப் பிரிக்காமல் ஒரு மூலையில் வைப்போம். சித்திகாவிடம் அந்தச் சுற்றுகள் எதுவும் கிடையாது. கேட்டால் அவர் சொல்லும் காரணம் இது: "அவங்க அதத் தூக்கினு மூணாவது மாடிலேந்து எறங்கி வராங்க. நான் வேணாம்னா மறுபடி தூக்கினு மேல ஏறணும். பாவம் இல்ல?"

கேம்ப் ரோட்டிலிருந்து பிரியும் ஒரு சந்தில் அவர்கள் வீடு. இரண்டே அறைகள். முதல் தடவை போகிறவர்களுக்குத் தலை சுற்றும், காரணம் அங்கே பொருள்களுக்குப் பெயர் கிடையாது. கொடுத்தவர்களின் பெயர்தான் உண்டு. ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் மகன் ஃபயாஸ் நாற்காலியில் ஏறிப் பரணில் எதையோ தேடினால், "டேய், தோத்தாத்ரி சார் மேல ஏறாத, காலு ஆடுது" என்று சமையலறையிலிருந்து குரல் வரும். என் பிள்ளையும் அந்த வேனில்தான் பள்ளிக்குப் போனான். அந்தப் பழக்கத்தில் நான் போயிருந்த அன்று, "ஜெபராஜ் அண்ணன் இன்னா ராவெல்லாம் முனகிகினே இருந்துச்சு" என்று அயூப் கவலைப்பட்டார். ஜெபராஜ் அண்ணன் ஃபிரிட்ஜ். "உள்ள மீன ரொம்ப அடைச்சு வெச்சிருந்தேன், அதான்" என்றார் சித்திகா.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அந்த வாரத்துப் பைகளை மொத்தமாகப் பாயில் கொட்டிப் பிரிப்பார்கள். அப்பா, அம்மா, மகள், மகன் நாலு பேரும் உட்கார வேண்டும். எடுத்த பொருளைப் பற்றி நல்லதாக ஒன்று சொல்லாமல் யாரும் அதைக் கீழே வைக்கக் கூடாது என்பது வீட்டுச் சட்டம். ஒருமுறை அயூப்பின் கையில் ஊதா நிற டை ஒன்று மாட்டியது. வேன் ஓட்டுபவருக்கு அது எதற்கு? வெகுநேரம் யோசித்துவிட்டு, "கட்டுனா எனக்குக் கழுத்துன்னு ஒண்ணு இருக்கறது தெரியும்" என்றார். அடுத்த நாள் அதைக் கட்டிக்கொண்டே வேன் ஓட்டினார். கொடுத்த வீட்டு வாசலில் வண்டி நின்றபோது மாடி ஜன்னலில் இருந்து கைதட்டல் கேட்டதாம்.

அதுதான் இந்தக் குடும்பத்தின் இன்னொரு பழக்கம். வந்த பொருளை ஒருமுறையாவது கொடுத்தவர் கண்ணில் படும்படி பயன்படுத்திவிட வேண்டும். முடியாவிட்டால் சேதி போக வேண்டும். சித்திகா எழுதுவதில்லை, பேசி அனுப்புகிறார். நான் ஒரு மழைக்கோட்டு கொடுத்திருந்தேன். ஐப்பசியில் ஒரு நாள் என் கைப்பேசிக்குக் குரல் பதிவு வந்தது. முதலில் சடசடவென்று சத்தம் மட்டும். பிறகு, "கேக்குதா சார்? உங்க கோட்டு மேலதான் வுழுது. உள்ள ஒரு சொட்டு வரல." எங்கள் வீட்டு அலமாரியில் அது தொங்கிய காலம் முழுக்க அதன்மேல் ஒரு துளிகூட விழுந்ததில்லை. அந்தப் பதிவை நான் அழிக்கவில்லை.

சரிப்படாத பொருளுக்கும் சேதி உண்டு. "அண்ணா, அந்த பேன்ட்டு ஃபயாஸுக்குப் பத்தல. எங்க மச்சினர் புள்ளைக்குக் கைமாத்தி வுட்டேன். அவனுக்கு சூப்பரா கீது. கோச்சுக்காதீங்க." யாரும் கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை. கைமாற்றுவது ஊரில் எல்லோரும் செய்வதுதான். சொல்லிவிட்டுச் செய்கிறவர் இவர் ஒருவரைத்தான் நான் பார்த்திருக்கிறேன்.

இந்தப் பழக்கம் போன ஆவணியில் அவரை ஒரு கல்யாண மண்டபத்தில் நடுக்கூடத்தில் நிறுத்திவிட்டது.

கல்யாணம் விஷ்ணுப்ரியாவுக்கு. தோத்தாத்ரி, சாவித்ரி தம்பதியின் ஒரே மகள். அயூப் வேன் வாங்கிய புதிதில் ஏறிய பிள்ளைகளில் ஒருத்தி. அவள் வளர வளர, அவளுக்குச் சிறிதாகிப்போன சீருடை, சைக்கிள், அகராதி, ஷூ எல்லாம் சித்திகாவின் மகள் சாஹிராவுக்கு வந்தன. சாவித்ரி ஒரு தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர். வருடம் தவறாமல் பை தருவார். தவறாமல் சேதியும் போகும். ஆகவே முதல் பத்திரிகைகளில் ஒன்று கேம்ப் ரோடு சந்துக்குப் போயிற்று.

வரவேற்புக்கு என்ன உடுத்துவது என்ற பேச்சே அந்த வீட்டில் எழவில்லை. அயூப்புக்கு தோத்தாத்ரி சாரின் சந்தன நிறச் சட்டை. சாஹிராவுக்கு விஷ்ணுப்ரியாவின் பச்சை லெஹங்கா. ஃபயாஸுக்கு அந்த வீட்டிலிருந்து வந்த கைக்கடிகாரம். சித்திகாவுக்கு சாவித்ரி கொடுத்த பட்டுப்புடவை. சாஹிரா கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். அவளுக்கு மட்டும் கொஞ்சம் தயக்கம்.

"அம்மா, அங்க எல்லாரும் கண்டுபுடிச்சிடுவாங்கம்மா."

"கண்டுபுடிக்கணும்னுதான்டி போறோம்."

குரோம்பேட்டையில் மண்டபம். பத்திரிகை வந்திருந்ததால் நானும் போயிருந்தேன். கூட்டம் நிரம்பி வழிந்தது. இவர்கள் உள்ளே நுழைந்ததுமே மேடையிலிருந்து மணப்பெண் மாலையோடு கையசைத்துக் கத்தினாள்: "சித்திகா ஆன்ட்டி! ஏய் சாஹிரா, என் லெஹங்கா! உனக்குத்தான்டி நல்லா இருக்கு!" பக்கத்தில் நின்ற மாப்பிள்ளை கேஷவ் யாரென்று தெரியாமலே சிரித்து வணக்கம் சொன்னார். அதுவரை எல்லாம் நல்லபடி.

வரவேற்பு மேசையருகில் நின்ற சாவித்ரியின் முகத்தைத்தான் நான் பார்த்தேன். பன்னீர்ச் சொம்பு கையில் அப்படியே நின்றுவிட்டது.

அந்தப் புடவையைப் பற்றிச் சொல்ல வேண்டும். உடல் மாம்பழ மஞ்சள். கரை, கறுப்பென்றே சொல்லிவிடக்கூடிய கரும்பச்சை. முந்தானையில் உள்ளங்கை அகலத்துக்குப் பூசணிப்பூக்கள், ஒவ்வொரு பூவிலும் ஒரு வண்டு. கடையில் எடுத்ததல்ல. மாப்பிள்ளையின் அம்மா பத்மாசினி, கோலம் போடுவதில் பேர்பெற்றவர், தானே காகிதத்தில் வரைந்து கொடுத்துக் காஞ்சிபுரத்தில் தறியில் சொல்லி நெய்தது. நிச்சயதார்த்தத்தன்று தன் சம்பந்தி சாவித்ரிக்கென்று தாம்பாளத்தில் வைத்துக் கொடுத்தார். சாவித்ரி வீட்டுக்கு வந்து பிரித்து, தோளில் போட்டுக் கண்ணாடியில் பார்த்தார். "ஆட்டோவுக்கு உறை போட்ட மாதிரி இருக்கேன். பட்டுல யாராவது வண்டு போடுவாளா?" என்று கணவரிடம் புலம்பினார். அடுத்த பையில் அது சித்திகாவிடம் போய்ச் சேர்ந்தது. யார் கொடுத்தது என்று சாவித்ரி சொல்லவில்லை. சித்திகாவும் கேட்கவில்லை.

பத்மாசினி ஒரு சொல் பொறுக்காதவர் என்று பெயர் எடுத்தவர். நிச்சயதார்த்தத்தில் காபி ஆறியிருந்ததைப் பற்றி ஆடி மாதம் வரை பேசினார். அன்று காலை முகூர்த்தத்தின்போதே, "என் புடவையை எப்போ கட்டிக்கப் போறேள் மாமி?" என்று கேட்டிருந்தார். "பிளவுஸ் தைக்கக் குடுத்தேன், டைலர் ஏமாத்திட்டான்" என்று சாவித்ரி பதில் சொல்லியிருந்தார்.

இப்போது அந்தப் புடவை மண்டபத்துக்குள் நடந்து வருகிறது. சித்திகா முந்தானையை முக்காடாகப் போட்டிருந்ததால், வண்டுகள் எல்லாம் ஊர் பார்க்கத் தலைமேல் உட்கார்ந்திருந்தன.

சாவித்ரி சொம்போடு ஓடிவந்து சித்திகாவின் முழங்கையைப் பிடித்துத் தூணோரம் இழுத்தார். "சித்திகா, தப்பு நடந்துடுத்து. அது அவா குடுத்த புடவை. மாப்பிள்ளையோட அம்மா. ரூம்ல வேற புடவை இருக்கு, சட்டுனு மாத்திண்டு வந்துடறியா?" உடனே அவருக்கே நேரம் இல்லை என்று தெரிந்தது. "சரி, யாராவது கேட்டா கடைல வாங்கினேன்னு மட்டும் சொல்லிடு. உன்னைக் கெஞ்சிக் கேக்கறேன். என் பொண்ணு நாளைக்கு அந்த வீட்டுக்குத்தான் போறா."

இதையெல்லாம் இப்போது சாவித்ரியே எல்லாரிடமும் சிரித்துச் சிரித்துச் சொல்கிறார். அன்று அவர் பிடித்த முழங்கையை விடவே இல்லை.

அயூப் மனைவியின் காதருகில் குனிந்தார். "ஏம்மே, சாப்டாமயே ஓடிரலாமா?"

"சும்மா இருங்க."

கொடுத்தவர் பெயரை மறைத்து அவர் ஒருநாளும் பொய் சொன்னதில்லை. பொய் சொன்னால் தன் வீட்டுப் பழக்கம் போய்விடும். உண்மை சொன்னால் விஷ்ணுப்ரியாவின் புது வாழ்க்கை ஒரு சண்டையோடு தொடங்கும். யோசிக்க அவகாசமும் இல்லை. பின்னாலிருந்து குரல் வந்துவிட்டது.

"ஒரு நிமிஷம். கொஞ்சம் திரும்புங்கோ."

பத்மாசினி. அவர் சித்திகாவின் முகத்தைப் பார்க்கவில்லை. முந்தானை ஓரத்தை இரண்டு விரலால் எடுத்து, கண்ணாடியைக் கீழிறக்கிப் பார்த்தார்.

"இந்த வண்டு நான் வரைஞ்சது. இப்படி ஒண்ணே ஒண்ணுதான் தறில நெஞ்சா. இது உங்களுக்கு எப்படி வந்தது?"

மேடையில் கீபோர்டுக்காரர் அடுத்த பாட்டுக்குச் சுருதி தேடிக்கொண்டிருந்தார். சாவித்ரி தரையைப் பார்த்தார். தோத்தாத்ரி, தூரத்தில், ஏதோ ஒரு விருந்தாளியின் கையைப் பிடித்தவர் விடாமல் குலுக்கிக்கொண்டே இருந்தார்.

சித்திகாவின் முகம் மலர்ந்தது. நடிப்பில்லை, நான் பக்கத்தில் நின்றேன்.

"அம்மா, அப்ப நீங்கதானா அது!"

பத்மாசினி இதை எதிர்பார்க்கவில்லை. "எது?"

"இத்தினி நாளா யாருன்னே தெரியாம துவா செஞ்சுகினு இருக்கேன்மா. இது சாவித்ரிக்கா குடுத்தது. எங்களுக்கு அக்கா குடுக்காத பொருளு கிடையாது. எம்பொண்ணு வளந்ததே அவங்க வூட்டுத் துணிலதான். ஆனா எல்லாம் கட்டினது, போட்டது. மடிப்புக் கலையாத பட்டு வந்தது இது ஒண்ணுதான். ஏன் குடுத்தீங்கன்னு நான் கேக்கல. கேக்கறது எங்க வூட்ல பழக்கம் இல்ல. அக்காவுக்குச் சேதி சொல்லிட்டேன். நெஞ்சவங்களுக்குச் சொல்லலியேன்னு மனசுல இருந்துச்சு. இந்த வண்ட யாரோ உக்காந்து யோசிச்சிருக்காங்க இல்ல? வரைஞ்சது நீங்கன்னா, உங்களுக்குத்தான் மொதல்ல சொல்லணும்."

"என்ன சேதி?" என்றார் பத்மாசினி. குரலில் இன்னும் கடுமை இருந்தது. விரல்கள் மட்டும் முந்தானையை விட்டிருந்தன.

சித்திகா வாயைத் திறக்குமுன் சாஹிரா குறுக்கே வந்தாள். மண்டபத்துக்குள் வந்ததிலிருந்து அம்மாவின் முதுகுக்குப் பின்னாலேயே நின்றவள் அவள்.

"நான் சொல்றேன் ஆன்ட்டி. காலேஜ் ஆண்டு விழால நான் பேசணும். மைக் முன்னாடி போய் நின்னதும் எல்லாம் மறந்து போச்சு. ஹால் ஃபுல்லா தலைங்க. அம்மா எங்கன்னு தேடறேன், தெரியல. யார் யாரோ சிரிக்கறாங்க. அப்புறம் கடைசி வரிசைல மஞ்சளா ஒண்ணு. இந்தப் புடவை. வேற எந்தப் புடவையா இருந்தாலும் அவ்ளோ தூரத்துல எனக்குத் தெரிஞ்சிருக்காது. அதையே பாத்துட்டுப் பேசினேன். ஃபர்ஸ்ட் பிரைஸ் ஆன்ட்டி."

"எழுந்து நின்னு கைதட்டினேம்மா" என்றார் சித்திகா. "பின்னால ஒருத்தர், உக்காருங்கம்மா கண்ணு கூசுதுன்னாரு."

அயூப் அதற்குள் கைப்பேசியில் படங்களைத் தேடி எடுத்துவிட்டார். ரம்ஜான் பெருநாள் அன்று வீட்டு வாசலில் இந்தப் புடவை. நாத்தனார் மகள் நிச்சயத்துக்கு இரவல் போய், அங்கே இந்தப் புடவை. கோவளம் தர்காவுக்குப் போய் வந்த வழியில், கடற்கரையில் காற்றில் பறந்தபடி இந்தப் புடவை. பத்மாசினி கைப்பேசியை வாங்கி, கடற்கரைப் படத்தைப் பெரிதாக்கி, வண்டை மட்டும் பார்த்தார்.

"நெசவுக்காரர் வண்டு வேண்டாம்னார்" என்றார் மெதுவாக. "ஆத்துலயும் யாருக்கும் பிடிக்கலை. நான்தான் விடலை." பிறகு, ஏதோ ரகசியம் கேட்பதுபோல: "முந்தானை கனமா இருக்கே, தலைல நிக்கறதா?"

"கும்முன்னு நிக்குதும்மா. பின்னு கூட வேணாம். அந்த வண்டுதான் புடிச்சு வெச்சிகீதுன்னு எங்க வூட்டுக்காரரு சொல்வாரு."

பத்மாசினியின் வாயோரம் அசைந்தது. சாவித்ரி பக்கம் திரும்பினார்.

"டைலர் ஏமாத்திட்டான்னேளே மாமி?"

சாவித்ரி கையில் இருந்த பன்னீர்ச் சொம்பைத் தூணோரம் வைத்தார். "எனக்கு அந்தக் கலர் பிடிக்கலை மாமி. சொல்ல தைரியம் வரலை. மன்னிச்சுடுங்கோ."

"காலம்பரயே சொல்லியிருக்கலாமே." பத்மாசினி கண்ணாடியை மேலேற்றிக்கொண்டார். "நீங்க நிச்சயதார்த்தத்துக்குக் குடுத்த வெள்ளி விளக்கு இருக்கே, அது இப்போ எங்க இருக்குன்னு என்னைக் கேக்காதீங்கோ."

சாவித்ரி நிமிர்ந்தார். "எங்க இருக்கு?"

"கேக்காதீங்கோன்னேன்."

முதலில் சிரித்தது அயூப்தான். பிறகு சாவித்ரி, கண்ணில் நீர் வரும் வரை. தோத்தாத்ரி விருந்தாளியின் கையை ஒருவழியாக விட்டார். சம்பந்திகள் இருவரும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு சிரிப்பதைப் பார்த்து, விஷயம் தெரியாத விஷ்ணுப்ரியா மேடையிலிருந்து "என்னம்மா? என்னம்மா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

பரிசு கொடுக்க இவர்கள் மேடையேறினார்கள். அயூப் கொடுத்த பெட்டியை மணமகள் அங்கேயே பிரித்தாள். வேன் பிள்ளை அல்லவா, பழக்கம் தொற்றியிருந்தது. அதற்குள் வரிசை நீண்டுவிட்டது. புகைப்படக்காரர் பொறுமை இழந்து கையைத் தட்டினார். "சார், குடும்பப் படம்! நெருங்கின சொந்தக்காரங்க மட்டும் நில்லுங்க. மத்தவங்க கொஞ்சம் எறங்கிக்கோங்க."

சித்திகா பிள்ளைகளைத் தள்ளிக்கொண்டு படிப்பக்கம் திரும்பினார். ஒரு படி இறங்கியவர் மேலே நகர முடியாமல் நின்றார். பின்னால் முந்தானையின் நுனி பத்மாசினியின் கையில் இருந்தது.

"எங்க போறேள்? இப்படி என் பக்கத்துல வந்து நில்லுங்கோ."

சித்திகா மறுப்பேதும் சொல்லவில்லை. ஏறிவந்து, சம்பந்திகள் இருவருக்கும் நடுவே கிடைத்த இடத்தில் நின்றார். முக்காட்டைச் சற்றுப் பின்னுக்குத் தள்ளி, வண்டுகள் எல்லாம் கேமராவைப் பார்க்கும்படி முந்தானையைத் தோளில் அகலமாக விரித்துவிட்டுக்கொண்டார்.